எவ்வளவு உறுதி, எவ்வளவு சரி? உடல்நல முடிவுகளையும் மின்னணு நலவாழ்வு ஆய்வுகளையும் புரிந்துகொள்ள ஒரு தொடக்க விளக்கம்

எங்கள் அத்தை பதினோரு ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கண் பார்வை மங்கிவிட்டதால் இன்சுலின் பேனாவில் தெரியும் எண்ணை அவர் பார்ப்பதில்லை. திருகும்போது கேட்கும் 'டிக், டிக்' ஓசையை எண்ணியே அளவை வைத்துவிடுவார். யாராவது உதவிக்குப் போனால், "எனக்குத் தெரியாததா? நீ போய் உன் வேலையைப் பாரு" என்பார். அப்படியிருந்தும் அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒவ்வொரு பரிசோதனையிலும் கூடிக்கொண்டே வந்தது. மருத்துவரும் இரண்டிரண்டு யூனிட்டாக அளவை ஏற்றிக்கொண்டே போனார். ஒரு நாள் அங்கே புதிதாக வந்திருந்த செவிலியர், "அம்மா, எனக்கு ஒருதரம் போட்டுக் காட்டுங்க" என்றார். அத்தை சேலைத் தலைப்பை ஒதுக்கி, தொப்புளுக்கு இடப்பக்கம் வழக்கமான இடத்தில் குத்தி, பொத்தானை அழுத்தினார். அழுத்திய கையோடு ஊசியை வெளியே இழுத்துவிட்டார். ஊசி முனையில் ஒரு சொட்டு மருந்து திரண்டு நின்று, சேலை மடிப்பில் விழுந்தது.

செவிலியர் அந்த ஈரத்தைத் தொட்டுக் காட்டி, "அழுத்தின பிறகு பத்து எண்ணுற வரைக்கும் ஊசி உள்ளேயே இருக்கணும்மா, இல்லேன்னா மருந்து முழுசா உள்ள போகாது" என்றார். பிறகு குத்திய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். வலி குறைவாக இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் குத்தியதால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துப் போயிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் போடும் மருந்து உடலில் சீராகச் சேர்வதில்லை. மருந்தின் அளவு கூடிக்கொண்டே போனதற்கு நோய் முற்றியது மட்டும் காரணமில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று காலை யாராவது அத்தையிடம், "இன்சுலின் சரியாகப் போடத் தெரியும் என்பதில் உங்களுக்குப் பத்துக்கு எத்தனை உறுதி?" என்று கேட்டிருந்தால் அவர் தயங்காமல் பத்து என்றிருப்பார். அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய உறுதி உண்மையானது. அவருடைய செய்முறைதான் தவறானது. இந்தக் கட்டுரை அந்தப் பத்துக்கும் சேலையில் விழுந்த அந்தச் சொட்டுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றியது. கைப்பேசியும் கைக்கடிகாரமும் உரையாடும் மென்பொருளும் மருத்துவ ஆலோசனை தரத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில் அந்தத் தொலைவை அளப்பதே நலவாழ்வு ஆய்வுகளின் முக்கியமான வேலைகளில் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. மருத்துவர்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்கிறோம். நோய் குணமாகிவிடும் என்ற நம்பிக்கை இருக்கிறது என்கிறோம். நாள்தோறும் நடைப்பயிற்சி செய்ய என்னால் முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறது என்கிறோம். இது சாதாரணக் காய்ச்சல்தான் என்று நம்புகிறேன் என்கிறோம். முதலாவது பிறர்மேல் வைப்பது. இரண்டாவது எதிர்காலத்தைப் பற்றியது. மூன்றாவது தன் செயலைப் பற்றியது. நான்காவது தன் கணிப்பைப் பற்றியது. ஒருவரிடம் ஒன்று நிறைய இருந்து மற்றொன்று அறவே இல்லாமல் இருக்கலாம். மருத்துவரை முழுமையாக நம்பும் ஒருவர், அவர் சொன்ன உணவுமுறையைத் தன்னால் ஒரு வாரம்கூடக் கடைப்பிடிக்க முடியாது என்று உறுதியாக எண்ணலாம். எனவே இக்கட்டுரையில் மூன்றாவதை 'முடியும் என்ற உறுதி' என்றும், நான்காவதை 'சரி என்ற உறுதி' என்றும், முதலாவதை மட்டும் 'நம்பிக்கை' என்றும் பிரித்துச் சொல்கிறேன்.

'முடியும் என்ற உறுதி' உளவியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடித்தளம் இட்டது. ஒருவருக்குத் திறமை இருப்பது மட்டும் போதாது. அந்தத் திறமையைக் கொண்டு இந்தக் குறிப்பிட்ட வேலையை இந்தச் சூழலில் செய்து முடிக்கத் தன்னால் முடியும் என்று அவர் எண்ணுவதுதான், அவர் அதைத் தொடங்குவாரா, இடையூறு வந்தால் எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதே அவருடைய கருத்தின் சாரம். இந்த உறுதி நான்கு வழிகளில் வளர்வதாக அவர் சொன்னார். தானே செய்து வெற்றி கண்ட அனுபவம் எல்லாவற்றிலும் வலிமையானது. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. பிறர் தரும் ஊக்கச் சொற்களும், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலையும் மற்ற இரண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை நோயோடு ஆண்டுக்கணக்கில் நன்றாக நடமாடுவதைப் பார்த்த ஒருவருக்குத் துண்டறிக்கை நூறு கொடுத்தாலும் வராத உறுதி வந்துவிடுவது இதனால்தான்.

இது பொதுவான தன்னம்பிக்கை அன்று என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மேடையில் ஆயிரம் பேர் முன்னிலையில் கூசாமல் பேசும் ஒருவருக்குத் தன் விரலில் தானே குத்தி ஒரு துளி இரத்தம் எடுக்கும் துணிவு இல்லாமல் போகலாம். உறுதி எப்போதும் ஒரு செயலோடு சேர்ந்தே வரும், "உங்களுக்குத் தன்னம்பிக்கை உண்டா?" என்ற கேள்வி உடல்நல ஆய்வில் ஏறத்தாழப் பயனற்றது. ஸ்டான்ஃபோர்டிலேயே கேட் லோரிக் என்ற ஆய்வாளர், மூட்டுவாதம் முதலிய நீடித்த நோய் உள்ளவர்களுக்கென வடிவமைத்த பயிற்சியில் இதை மிக எளிமையாகக் கையாண்டார். பங்கேற்பவர் ஒவ்வொருவரும் அடுத்த வாரத்துக்கு ஒரு சிறு திட்டம் வகுப்பார்: எதைச் செய்வேன், எவ்வளவு, எப்போது, வாரத்தில் எத்தனை நாள். பிறகு அதைச் செய்து முடிப்போம் என்பதில் சுழியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு உறுதி என்று அவரே ஓர் எண் சொல்ல வேண்டும். ஏழுக்குக் கீழே சொன்னால் அவரை யாரும் கடிந்துகொள்வதில்லை, திட்டத்தைச் சிறிதாக்குவார்கள். வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடப்பேன் என்பதற்கு நான்கு மதிப்பெண் கொடுத்தவர், வாரம் மூன்று நாள் பத்து நிமிடம் என்று மாற்றும்போது எட்டு கொடுக்கக்கூடும். அந்தச் சிறு வெற்றிதான் அடுத்த வாரத்தின் உறுதிக்கு முதலீடு. வீட்டில் ஒருவரை மருந்து மாத்திரைக்கோ உடற்பயிற்சிக்கோ பழக்க முயல்வோர் எல்லோரும் இந்த முறையை அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி 'சரி என்ற உறுதி'க்கு வருவோம். சிக்கல் பெருமளவு இங்கேதான் இருக்கிறது. நடுநெஞ்சில் ஒரு அழுத்தம் வருகிறது, வியர்க்கிறது. "இது வாயுத் தொல்லைதான், ராத்திரி சாப்பிட்டது சேரலை" என்று வீட்டில் எல்லோரும் உறுதியாக இருக்கிறார்கள். ஓமத்திரவம் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்கிறார்கள். அது பல வேளைகளில் வாயுவாகவே இருக்கும். மாரடைப்பாக இருக்கும் அந்த ஒரு வேளையில், அடைப்பு நீங்காத ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை அழிந்துகொண்டிருக்கும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு, கடும் நெஞ்சுவலி இல்லாமல் மூச்சுத்திணறலாகவோ குமட்டலாகவோ தாடை வலியாகவோ வெளிப்படக்கூடும் என்பதால் அங்கே இந்தத் தவறு இன்னும் எளிதாக நேர்கிறது. தெரியாமை இந்தக் குடும்பத்துக்குச் செய்த கேட்டைவிட உறுதி செய்த கேடு பெரிது. தெரியாது என்று உணர்ந்திருந்தால் அவர்கள் யாரையாவது கேட்டிருப்பார்கள், 108-க்கு அழைத்திருப்பார்கள். உறுதி தேடலை நிறுத்துகிறது, ஐயம் தேடலைத் தொடரச் செய்கிறது. உடல்நல முடிவுகளில் உறுதியின் பங்கு என்ன என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான விடை இதுதான்.

அப்படியானால் உறுதி குறைவாக இருப்பதே நல்லதா என்றால், அதுவும் இல்லை. வேண்டியது பொருத்தம். காய்கறிக் கடையின் தராசுக்கு அரசு ஆய்வாளர் முத்திரை இடுகிறார் அல்லவா? ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தால் தராசு ஒரு கிலோ காட்ட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மனத்தின் உறுதியையும் அப்படிச் சோதிக்கலாம். வானிலை அறிவிப்பாளர் ஒருவர் "மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்பு" என்று சொன்ன நாட்களை மட்டும் நூறு சேர்த்து எண்ணிப் பார்த்தால், அவற்றில் ஏறத்தாழ 70 நாட்கள் மழை பெய்திருக்க வேண்டும். அப்படிப் பெய்திருந்தால் அவருடைய தராசு சரி. 95 நாட்கள் பெய்திருந்தால் அவர் தேவைக்கு மேல் தயங்குகிறார். 40 நாட்கள்தான் பெய்தது என்றால் தேவைக்கு மேல் துணிகிறார். ஒரே ஒரு நாளை வைத்து இதைச் சொல்ல முடியாது என்பதைக் கவனியுங்கள்; பல கணிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒருவருடைய உறுதியின் தரம் தெரிகிறது.

இந்தத் தராசு மருத்துவர்களிடமும் பிசகுகிறது. 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 118 பொது மருத்துவர்களிடம் நான்கு நோயாளிகளின் விவரங்கள் தரப்பட்டன. இரண்டு எளியவை, இரண்டு கடினமானவை. எளியவற்றில் அவர்கள் 55.3 விழுக்காடு சரியாகக் கண்டறிந்தார்கள். கடினமானவற்றில் வெறும் 5.8 விழுக்காடு. தங்கள் முடிவில் எவ்வளவு உறுதி என்று பத்துக்குக் கேட்டபோது எளியவற்றுக்குச் சராசரியாக 7.2 என்றார்கள், கடினமானவற்றுக்கு 6.4. சரியாகச் சொன்ன அளவு பத்தில் ஒரு பங்காகச் சரிந்தபோது உறுதி ஒரு மதிப்பெண் அளவுகூடக் குறையவில்லை. உறுதி மிகுந்த மருத்துவர்கள் கூடுதல் பரிசோதனைகளைக் குறைவாகவே கேட்டார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மருத்துவர்களைக் குறை சொல்வதற்காக இதை எடுத்துக்காட்டவில்லை. பல ஆண்டுகள் பயின்றவர்களுக்கே தன் தவறு தனக்கு உள்ளிருந்து தெரிவதில்லை என்றால், நமக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்பதற்காகத்தான்.

எண்களைச் சொல்லும் முறையும் இந்தத் தராசைச் சாய்க்கும். ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் இதற்குக் காட்டிய எடுத்துக்காட்டு மிகவும் தெளிவானது. மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவர். நோய் இருந்தால் மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனை 90 விழுக்காடு அதைக் காட்டும். நோய் இல்லாதவர்களிலும் 9 விழுக்காட்டினருக்கு 'இருக்கிறது' என்று தவறாகக் காட்டும். ஒரு பெண்ணுக்குப் பரிசோதனையில் 'இருக்கிறது' என்று வந்தால், அவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 160 மகளிர் மருத்துவர்களிடம் இதைக் கேட்டபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தார். பெரும்பாலோர் 80, 90 விழுக்காடு என்றார்கள். இப்போது அதையே தலைகளாக எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பெண்களில் பத்துப் பேருக்கு நோய். அந்தப் பத்தில் ஒன்பது பேருக்குப் பரிசோதனை 'இருக்கிறது' என்று காட்டும். நோய் இல்லாத 990 பேரில் ஏறத்தாழ 89 பேருக்கும் அப்படியே காட்டும். ஆக 'இருக்கிறது' என்று வந்த 98 பேரில் நோய் உள்ளவர்கள் ஒன்பதே பேர். அதாவது பத்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. இப்படி எண்ணப் பயிற்சி பெற்ற பிறகு அதே மருத்துவர்களில் 87 விழுக்காட்டினர் சரியாக விடை சொன்னார்கள். அந்த அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு தூக்கமிழக்கும் பெண்ணுக்கு, 'பத்தில் ஒன்பது' என்று கேட்பதும் 'பத்தில் ஒன்று' என்று கேட்பதும் இரண்டு வேறு வாழ்க்கைகள்.

இணையம் இதில் எங்கே வருகிறது?

கைப்பேசியில் தேடிப் படித்தால் அறிவு கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிவு கூடும் வேகமும் உறுதி கூடும் வேகமும் ஒன்றல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் செய்த சோதனைகளில், சில கேள்விகளுக்கு விடையை இணையத்தில் தேடிப் பார்த்தவர்கள், அதற்குப் பிறகு முற்றிலும் தொடர்பற்ற வேறு துறைகளைப் பற்றியும் தங்களால் நன்றாக விளக்க முடியும் என்று மதிப்பிட்டார்கள். தேடாதவர்கள் அப்படி மதிப்பிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள தகவலை மனம் தன் தலைக்குள் இருப்பதாகவே கணக்கு வைத்துக்கொள்கிறது. அலமாரி நிறைய அகராதிகளை வைத்திருப்பவர் அவ்வளவு சொற்களும் தமக்குத் தெரியும் என்று நினைப்பதைப் போன்றது இது.

மின்னணு நலவாழ்வு ஆய்வு என்பது கைப்பேசிச் செயலிகள், இணையத் தகவல், உடலில் அணியும் கருவிகள், தொலைவழி மருத்துவம் ஆகியவை மக்களின் உடல்நலத்துக்கு உதவுகின்றனவா என்று ஆராயும் துறை. இத்துறையில் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் வினாப்பட்டியல் ஒன்று 2006-ல் கனடாவில் உருவானது. கேமரன் நார்மன், ஹார்வி ஸ்கின்னர் ஆகிய இருவர் அதை உருவாக்கினார்கள். அதில் எட்டே கூற்றுகள். இணையத்தில் உடல்நலத் தகவல் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், நல்ல தகவலையும் தரமற்ற தகவலையும் என்னால் பிரித்தறிய முடியும் என்ற வகையில் அவை செல்லும். இணையத் தகவலைக் கொண்டு உடல்நல முடிவுகள் எடுப்பதில் எனக்கு உறுதி உண்டு என்பது கடைசிக் கூற்று. ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதிலிருந்து 'முற்றிலும் ஏற்கிறேன்' என்பது வரை ஒன்று முதல் ஐந்து மதிப்பெண். ஆகக் குறைந்தது 8, ஆகக் கூடியது 40. முதன்முதலில் 13 முதல் 21 வயது வரையுள்ள 664 இளையோரிடம் அது சோதிக்கப்பட்டது.

சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதாலும் செலவில்லாதது என்பதாலும் அது பரவியது இயல்பே. அதை உருவாக்கியவர்களும், ஒருவர் தம் திறனைப் பற்றித் தாம் என்ன நினைக்கிறார் என்பதையே இது அளக்கிறது என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். ஆனால் கட்டுரையிலிருந்து கட்டுரைக்குப் போகும்போது 'திறன் உள்ளதாக நினைக்கிறார்' என்பது 'திறன் உள்ளவர்' என்று மெல்லத் தேய்ந்துவிடுகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-ல் அந்தப் பட்டியலின் டச்சு வடிவத்தைச் சோதித்தபோது, பங்கேற்றவர்களுக்கு இணையத்தில் உண்மையாகவே தேடி முடிக்க வேண்டிய வேலைகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். பட்டியலில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் வேலைகளைச் சரியாக முடித்ததற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தெரியவில்லை. எங்கள் அத்தையின் பத்தும் அந்த ஒரு சொட்டும் நினைவுக்கு வருகின்றனவா?

இதன் விளைவு வெறும் கல்விப்புலத்தோடு நிற்பதில்லை. ஒரு செயலி சந்தைக்கு வருவதற்கு முன், பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் இதே வகைக் கேள்விகளைக் கேட்டு, "எங்கள் செயலியைப் பயன்படுத்தியவர்களின் உறுதி கூடியது" என்று ஓர் அறிக்கை எழுதலாம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உறுதி மட்டும் கூடி, சரியாக முடிவெடுக்கும் திறன் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டால், அந்தச் செயலி மக்களை முன்பைவிட ஆபத்தான இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது என்று பொருள். முன்பு தயங்கி மருத்துவரிடம் போனவர் இப்போது தயங்காமல் வீட்டில் இருந்துவிடுவார். அதனால் ஓர் ஆய்வு முடிவைப் படிக்கும்போது, கூடியது என்று சொல்லப்படுவது உறுதியா, அறிவா, செயலா, உடல்நலமா என்று முதலில் கேளுங்கள். இரத்த அழுத்தம் குறைந்ததா, மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததா என்பதும் 'என் இரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொள்ள எனக்குத் தெரியும்' என்பதும் வெவ்வேறு செய்திகள்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்த பிறகு இது இன்னும் கூர்மையாகிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டனைச் சேர்ந்த 1,298 பேர் பங்கேற்றார்கள். அவர்களுக்குப் பத்து மருத்துவச் சூழல்களில் ஒன்று தரப்பட்டது. என்ன நோயாக இருக்கலாம், என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதே சூழல் விவரத்தை மென்பொருளுக்கு நேரடியாகக் கொடுத்தபோது அது 94.9 விழுக்காடு தொடர்புடைய நோயைச் சொன்னது. மக்கள் அந்த மென்பொருளோடு பேசி முடிவெடுத்தபோது 34.5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே சரியான நோயைக் குறிப்பிட்டார்கள். மென்பொருள் இல்லாமல் தங்கள் வழக்கமான வழியில் தேடியவர்களைவிட அவர்கள் எவ்வகையிலும் மேம்படவில்லை. மக்கள் தங்கள் நிலையை அரைகுறையாகச் சொன்னார்கள். மென்பொருள் சொன்ன பலவற்றில் எது சரி என்று அவர்களால் தேர முடியவில்லை. கருவியின் திறன் வேறு, கருவியோடு சேர்ந்த மனிதரின் திறன் வேறு. இத்தகைய மென்பொருள் சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே நடையில், ஒரே சரளத்தோடு சொல்கிறது என்பதே இதில் பெரிய இடர். மருத்துவர் ஒருவர் தயங்கும்போது அவர் குரலிலும் முகத்திலும் அது தெரியும். "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" என்று அவர் இழுப்பதே நமக்கு ஒரு தகவல். எழுத்துத் திரையில் அந்த இழுப்பு இல்லை.

கருவிகள் காட்டும் எண்கள்மேல் நாம் வைக்கும் நம்பிக்கையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுக் கருவி ஒன்று இருந்தது. 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை, மேலே இருந்தால் வீடு என்று அந்தச் சிறு சிவப்பு எண்ணைப் பார்த்தே இரவுகளைக் கழித்தோம். அந்தக் கருவி ஒளியை விரல் வழியே செலுத்திக் கணக்கிடுகிறது. தோலின் நிறம் அந்த ஒளியைப் பாதிக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில் இரத்தத்தை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. உண்மையில் ஆக்சிஜன் 88-க்கும் கீழே இறங்கியிருந்த நிகழ்வுகள் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. கறுத்த தோலுள்ள நம்மில் பலருக்கும் இது நேரடியாகப் பொருந்தக்கூடிய எச்சரிக்கை. மேலும், கருவி காட்டுவது ஒரு புள்ளி என்றாலும் உண்மை ஓர் இடைவெளிக்குள் இருக்கிறது. முறையான ஒப்புதல் பெற்ற கருவியே 90 என்று காட்டினால் உண்மை பொதுவாக 86-க்கும் 94-க்கும் இடையில் எங்கேனும் இருக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விளக்கியிருக்கிறது. விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண் பிசகும். எண்ணை எறிந்துவிடச் சொல்லவில்லை. மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, ஆனால் கருவி 95 காட்டுகிறது என்றால், ஆளைப் பாருங்கள், எண்ணை அல்ல என்கிறேன்.

மறுபக்கமும் உண்டு, அதை நாம் குறைவாகவே பேசுகிறோம். சரியாகச் செய்தும், சரியாக அறிந்தும், உறுதி இல்லாததால் வாய் திறக்காதவர்கள் ஏராளம். குழந்தைக்கு மூன்று நாளாகப் பால் குடிப்பது குறைந்திருக்கிறது என்று தாய்க்குத் தெரிகிறது. ஆனால் "நமக்கென்ன தெரியும், பெரியவங்க ஒண்ணும் இல்லேங்கிறாங்க" என்று அடங்கிப்போகிறார். மருத்துவர் எழுதித் தந்த புதிய மாத்திரையும் பழைய மாத்திரையும் ஒரே பெயர் மருந்தாக இருப்பதைப் பார்த்தும் கேட்கக் கூசுகிறார் ஒரு முதியவர். இவர்களுக்குப் புதிய தகவல் எதுவும் தேவையில்லை. அவர்கள் அறிந்தது சரிதான் என்று ஒருவர் சொல்வதும், கேட்டால் யாரும் எரிந்து விழமாட்டார்கள் என்ற உறுதியும்தான் தேவை. எனவே ஒரு செயலியோ பயிற்சியோ எல்லோருக்கும் உறுதியை ஒரேயடியாகக் கூட்டுவதை நோக்கமாகக் கொண்டால், தயங்குபவருக்கு நன்மையும் துணிபவருக்குத் தீங்கும் ஒருசேர நடக்கும். சராசரியைப் பார்க்கும் ஆய்வாளருக்கு இரண்டும் தெரியாமல் போகும்.

தமிழில் இத்தகைய ஆய்வுகள் செய்வோருக்கு இன்னும் இரண்டு கவலைகள் உண்டு. முதலாவது, முன்பு சொன்ன சொற்சிக்கல். "இணையத்தில் வரும் மருத்துவத் தகவல்மேல் நம்பிக்கை உள்ளதா?" என்று மொழிபெயர்த்தால், தகவல் உண்மையானது என்று நினைக்கிறீர்களா என்ற கேள்வியாகப் பலர் அதை எடுத்துக்கொள்வார்கள்; அதைப் பயன்படுத்தி முடிவெடுக்க உங்களால் இயலுமா என்பதுதான் மூலக் கேள்வி. இரண்டுக்கும் எதிரெதிரான விடைகள் வரக்கூடும். "இணையத்தில் படித்ததை வைத்து, மருத்துவரிடம் போகலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்ய உங்களால் முடியுமா?" என்று நீளமாகக் கேட்பது அழகில்லாமல் இருந்தாலும் பொருள் பிறழாது. இரண்டாவது கவலை மரியாதை. வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் எதிரே அமர்ந்து, "சொன்னதெல்லாம் புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால், "புரிஞ்சுதுங்க" என்பதுதான் நம் ஊர்களில் வரும் விடை. அது புரிதலைப் பற்றிய தகவலே அன்று. கேட்டவருக்குக் காட்டும் மரியாதை.

இதற்கு மருத்துவமனைகளில் ஒரு நல்ல வழக்கம் வளர்ந்து வருகிறது. 'புரிந்ததா?' என்று கேட்பதற்கு மாறாக, 'வீட்டுக்குப் போனதும் இதை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள், எனக்குச் சொல்லுங்கள்' என்றோ 'போட்டுக் காட்டுங்கள்' என்றோ கேட்பது. சொன்னவர் தாம் தெளிவாகச் சொன்னாரா என்பதைச் சோதித்துக்கொள்ளும் முறையாக இது கற்பிக்கப்படுவதால், நோயாளிக்குத் தேர்வு எழுதும் கூச்சம் இல்லை. செயலிகளை ஆராய்வோரும் இதையே செய்யலாம்: ஒரு பணியைக் கொடுத்து, விடையை வாங்கி, அந்த விடையில் எவ்வளவு உறுதி என்று உடனே ஓர் எண்ணும் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. சரியாகவும் உறுதியாகவும் சொன்னவரை அவர் வழியில் விடலாம். சரியாகச் சொல்லியும் தயங்கியவருக்கு ஊக்கம் வேண்டும். தவறாகச் சொல்லித் தயங்கியவர் கற்றுக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறார். அவருக்குக் கற்பித்தால் போதும். தவறாகவும் உறுதியாகவும் சொன்னவரிடம்தான் மிகுந்த பொறுமை தேவை; அவருக்கு மேலும் ஒரு காணொளியைக் காட்டுவதால் பயன் இல்லை, தவறு அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அத்தைக்கு அந்த ஒரு சொட்டு தெரிந்தது. அன்றே மருத்துவர் அளவைக் குறைத்து எழுதினார். இனி மருந்து முழுதாக உள்ளே போகும் என்பதால் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும் என்று விளக்கி, முதல் இரண்டு வாரம் விடியற்காலையிலும் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். குத்தும் இடத்தை நாள்தோறும் மாற்ற ஒரு காலண்டர் தாளில் வட்டம் போட்டுச் செவிலியர் கொடுத்தார். இப்போது அத்தை ஊசியைப் போட்டதும் பத்து வரை வாய்விட்டு எண்ணுகிறார். பக்கத்து அறையில் இருந்தாலும் எங்களுக்குக் கேட்கும்.